உள்நாக்குப்பூண்டு: ஒரு பெயர் விளக்கம்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் உள்ள இலையுதிர் காடுகளில், மரங்கள் முழுதும் தளிர்த்து நிழல் அடர்வதற்கு முன்னரே, ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சள் நிறத்தில் பூக்கும் சிறு செடி ஊவுலாரியா கிராண்டிஃப்ளோரா. தலைகவிழ்ந்து தொங்கும் இதன் பூவில் ஆறு இதழ்கள் உண்டு. அவை நீண்டு, சற்றே முறுக்கிக்கொண்டு, வாடத் தொடங்கியவை போலத் தோன்றினும், நன்கு மலர்ந்த பூவின் இயல்பே அதுதான்.

இலத்தீனில் 'ஊவா' என்பது திராட்சை. 'ஊவுலா' என்பது சிறு திராட்சை. தொண்டையின் வாயிலில் தொங்கும் சிறு தசைக்கும் அதுவே பெயராயிற்று. அதனையே தமிழில் உள்நாக்கு என்கிறோம். பூ தொங்கும் பாங்கு உள்நாக்கை ஒத்திருப்பதால் இச்செடி அடங்கிய பேரினம் ஊவுலாரியா எனப்பட்டது. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இப்பெயரை நிலைப்படுத்தினார். உறுப்பைப் போன்ற தோற்றமுடைய மூலிகை அவ்வுறுப்பின் நோயைத் தீர்க்கும் என்ற பழைய ஐரோப்பிய நம்பிக்கையால், இது தொண்டை நோய்க்கு மருந்தாகக் கருதப்பட்டதும் உண்டு. 'கிராண்டிஃப்ளோரா' என்றால் பெரும்பூ உடையது. இச்சிற்றினப் பெயரைச் சூட்டியவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித்.

இதற்குத் தமிழில் பெயரிட வேண்டின், ஆங்கிலத்தில் வழங்கும் 'பெல்வொர்ட்' (பெல் என்பது மணி, வொர்ட் என்பது செடி) என்ற பெயரைப் பின்பற்றி மணிப்பூ என்று சொல்லிவிடலாம். ஆனால் சிறுமணி என்றே பொருள்படும் கம்பானுலா என்னும் வேறொரு பேரினம் இருப்பதால், மணிப்பூ என்பதை அதற்கு விட்டுவைப்பதே முறை. 'வொர்ட்' என்னும் ஈற்றுக்கு மட்டும் நம்மிடம் பொருத்தமான சொல் ஆயத்தமாக உள்ளது: வெட்டுக்காயப்பூண்டு என்பதில் வரும் பூண்டு. அது வெள்ளைப்பூண்டைக் குறிப்பதன்று; சிறு செடியைக் குறிக்கும் பழைய சொல். ஆகவே பேரினத்தை உள்நாக்குப்பூண்டு என்றும், இச்சிற்றினத்தைப் பெரும்பூ உள்நாக்குப்பூண்டு என்றும் வழங்குவதே தக்கது என்பேன்.

முன்பு லில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இப்பேரினம் இன்று கோல்ச்சிகேசியே குடும்பத்தில் உள்ளது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் அதே குடும்பம். எனவே அதனைக் காந்தள் குடும்பம் எனத் தமிழில் எழுதுவதில் தடையில்லை.

பெரும்பூ உள்நாக்குப்பூண்டோடு குழப்பிக்கொள்ளப்படுவது ஊவுலாரியா பெர்ஃபோலியேட்டா. இரண்டிலும் தண்டு இலையைத் துளைத்துச் செல்வது போன்ற அமைப்பு இருப்பதால், இலைநிலையை மட்டும் கொண்டு பிரித்தறிய இயலாது. பெர்ஃபோலியேட்டாவின் இதழ்களின் உட்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடிமுகிழ்கள் (மிகச் சிறு புடைப்புகள்) காணப்படும். பெரும்பூ இனத்தில் அவ்விடம் வழவழப்பாக இருப்பதோடு, இலையின் அடிப்புறத்தில் மென்மயிரும் இருக்கும்.