பழைய ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? எப்போது ஆகவில்லை என்று முதலில் பாருங்கள்

பழைய ஸ்கூட்டர் பட்டறைக்கு வரும்போது கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடும். "காயில் போயிடுச்சு", "சிடிஐ அவுட்டு" என்று தள்ளிக்கொண்டு வந்தவரே சொல்லிவிடுவார். (காயில் என்பது ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டை உண்டாக்கும் கம்பிச்சுற்று; சிடிஐ என்பது ஸ்பார்க்கை நேரத்துக்கு அடிக்க வைக்கும் எலக்ட்ரானிக் பெட்டி.) நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது மறுக்கிறது? காலையில் முதல் உதையிலேயா, ஓடிச் சூடான பிறகா, மழையில் நனைந்த பிறகா, மாதக்கணக்கில் மூடி வைத்து எடுத்த பிறகா? இந்தப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதைக் கேட்காமல் புது பிளக், புது காயில், கார்பரேட்டர் கிட் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால், எல்லாம் புதிதாக இருக்கும், வண்டி மட்டும் ஓடாது.

வெஸ்பா, லாம்ப்ரெட்டா, பஜாஜ் சேத்தக் போன்ற டூ ஸ்ட்ரோக் கியர் ஸ்கூட்டர்களை வைத்துச் சொல்கிறேன். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பார்க் வர பேட்டரி தேவையே இல்லை. பிளைவீலில் உள்ள காந்தங்கள் ஸ்டேட்டர் தட்டில் இருக்கும் காயில்களைச் சுற்றும்போதே கரன்ட் உண்டாகிவிடும். ஹாரன் அடிக்கவில்லை, அதனால்தான் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குப் போடுவது வீண் வேலை.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. அப்புறம் பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை எஞ்சின் தலையில் நன்றாகத் தொடும்படி வைத்து உதைத்துப் பார்ப்பார்கள். ஸ்பார்க் பளிச்சென்று நீலமாக வந்தால் நல்லது. மஞ்சளாக, மெல்லிசாக வந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் நீலமாக வந்தாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள். வெளிக்காற்றில் 0.6 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டுவது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும். அதனால்தான் வெளியில் ஜம்மென்று அடிக்கும் பிளக் உள்ளே போனதும் ஊமையாகிவிடுகிறது. சரிப்படுத்தக்கூடிய ஸ்பார்க் டெஸ்டரில் 5, 6 மில்லிமீட்டர் தாண்டினால்தான் நான் அதைக் கரன்ட் என்று ஒப்புக்கொள்வேன்.

இந்தச் சோதனையில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பிளக் ஓட்டையில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுவது, அடுத்த நிமிடமே பக்கத்தில் பிளக்கை வைத்து உதைப்பது. ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி அடிக்கும், பக்கத்திலேயே பொறி. தீப்பிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு பழைய பிளக்கை ஓட்டையில் திருகி மூடிவிட்டுச் சோதியுங்கள். சிடிஐ உள்ள வண்டியில் இன்னொன்றும் உண்டு. பிளக் கேப்பைச் சும்மா தொங்கவிட்டு உதைக்கக் கூடாது. போக வழியில்லாத உயர் அழுத்தக் கரன்ட் உள்ளேயே இன்சுலேஷனைத் துளைத்துவிடும். நல்ல யூனிட்டைச் சோதனை செய்தே கொன்றவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்பார்க் அறவே வரவில்லை என்றால் எதையும் வாங்கும் முன் நிறுத்தும் சுவிட்சின் வயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் அந்த சுவிட்ச் இக்னீஷன் கரன்ட்டை எர்த்துக்குத் தள்ளித்தான் எஞ்சினை நிறுத்துகிறது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் அந்த வயர் தேய்ந்து உடம்பைத் தொட்டாலும், சாவி சுவிட்சுக்குள் ஈரம் போனாலும் வண்டிக்கு நிரந்தர ஓய்வுதான். வயரை விலக்கியதும் ஸ்பார்க் வந்தால் காயிலும் சிடிஐயும் நிரபராதிகள். (அந்த வயர் இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் சாவியால் நிறுத்த முடியாது. கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்ச்சை விட்டு நிறுத்துங்கள்.)

சிடிஐக்குப் பதில் பாயின்ட் (கேம் திறந்து மூடும் சின்னத் தொடர்பு சுவிட்ச்) உள்ள வண்டியாக இருந்தால் பிளைவீலின் ஜன்னல் வழியே பாருங்கள். பிளைவீலை மெதுவாகச் சுற்றி, பாயின்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்தி ஃபீலர் கேஜை நுழையுங்கள். 0.4 மில்லிமீட்டர் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். கேமில் உரசும் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், கூடவே டைமிங்கும் பின்தங்கும். முகங்கள் சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு என்று இருந்தாலோ, கருகி நீலம் பாய்ந்திருந்தாலோ கண்டன்சர் (பாயின்டில் பொறி அதிகமாகாமல் காக்கும் சின்னப் பாகம்) மேல் கண் வையுங்கள். இருட்டில் வண்டியை ஓடவிட்டு அதே ஜன்னலில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பாயின்டில் சின்னப் பொறி இயல்பு. வெல்டிங் போல விடாமல் பளபளத்தால் கண்டன்சர் வேலை செய்யவில்லை. உப்புத்தாளால் தேய்ப்பதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். கையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினாலே பாயின்டில் கரன்ட் பாயாது; கடைசியாகச் சுத்தமான வெள்ளைக் காகிதத்தைப் பாயின்டுக்கு நடுவே விட்டு, அழுக்கில்லாமல் வெளியே வரும்வரை இழுக்க வேண்டும்.

தலைவலி பிடித்தது சூடானதும் நிற்கும் வண்டிதான். சிறிது தூரம் அருமையாக ஓடும், திடீரென்று சாகும். கால் மணி நேரம் நின்றால் எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். இதற்குக் காரணம் இக்னீஷனாகவும் இருக்கலாம், பெட்ரோலாகவும் இருக்கலாம். நின்ற அந்த நிமிடமே பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டியும் கிளம்பினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் திறந்தும் பயனில்லை, பிளக்கிலும் ஸ்பார்க் இல்லை என்றால் கண்டன்சர், காயில், பிக்கப் (ஸ்பார்க் அடிக்க வேண்டிய நேரத்தைச் சிடிஐக்குச் சொல்லும் சின்னக் காயில்) மூன்றில் ஒன்று. சூட்டில் காயிலின் கம்பிச்சுற்று விரிந்து விடுபடும், ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆறிய காயிலை மீட்டரில் அளந்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்பது இதனால்தான் ஏமாற்று வேலை.

அப்படி ஒரு வெஸ்பா பிஎக்ஸ் வந்தது. அதற்கு முன் கைவைத்தவர் சிடிஐயை மாற்றியிருந்தார், பலனில்லை. பிஎக்ஸ் ஸ்டேட்டரில் சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே சுமார் 110 ஓம், பச்சைக்கும் வெள்ளைக்கும் இடையே சுமார் 500 ஓம் காட்ட வேண்டும். ஆறிய நிலையில் இரண்டும் சரியாகக் காட்டின. மீட்டரை மாட்டியபடியே ஸ்டேட்டரை ஹேர் டிரையரால் சூடாக்கினேன். பிக்கப்பின் சிவப்பு வயரின் அளவு ஆடத் தொடங்கி, அப்புறம் மறைந்தே போனது. தட்டைத் திருப்பிப் பார்த்தால் வயர்களின் மேல் உறை பிஸ்கட் போல உதிர்ந்துகொண்டிருந்தது. பிக்கப்பின் பற்றவைப்பும் விட்டிருந்தது. புது வயரும் புது பிக்கப்பும் போட்டதோடு முடிந்தது.

பெட்ரோல் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். சோக் இழுத்தால் மட்டும் ஓடினால் பைலட் ஜெட் (எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைப்பு. பிளக் எப்போதும் நனைந்து, கார்பரேட்டர் வழிந்தால், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசியில் பழுது. மாதக்கணக்கில் நிறுத்திய வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, 2டி ஆயில் மட்டும் கிண்ணத்தில் பிசினாகத் தங்கியிருக்கும். அதை எத்தனை முறை உதைத்தும் பயனில்லை, கழற்றிக் கழுவத்தான் வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

இரண்டு பக்கமும் இல்லாத நோய் ஒன்று உண்டு, கிராங்க் ஆயில் சீல். பிளைவீல் பக்கச் சீல் போனால் அங்கே காற்று உள்ளே இழுக்கும். ஆக்சிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். அதே வழியாகக் கசியும் எண்ணெய் பாயின்டில் படிந்து ஸ்பார்க்கையும் கெடுக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உள்ளே போய் எரிந்து, சைலன்சர் வெள்ளையாகப் புகைக்கும், பிளக் அடிக்கடி அடைக்கும். பிளக்கை மாற்றி மாற்றி அலுத்தவர்கள் கியர் ஆயில் அளவை ஒருமுறை பார்ப்பது நல்லது.

கரன்ட் இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, ஆனாலும் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது, கார்பரேட்டர் வழியே வெடிக்கிறது என்றால் பிளைவீல் சாவி (பிளைவீலைக் கிராங்கில் நகராமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு) நசுங்கி டைமிங் நகர்ந்திருக்கலாம். நட் சரியாக முறுக்காத வண்டியில் இது நடக்கும். பிளைவீலைக் கழற்ற அதற்குரிய புல்லரையே பயன்படுத்துங்கள். சுத்தியலால் தட்டினால் காந்தமும் கிராங்க் முனையும் கெட்டுப்போகும். கழற்றிய பின் கிராங்கின் கூம்பிலும் பிளைவீலின் உட்புறத்திலும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, புதுச் சாவி வைத்து, நட்டைக் கம்பெனி சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள்.