எழுத்துப் பிழையும் கோணல் கையெழுத்தும்: உங்கள் பிள்ளைக்குச் சட்டம் தரும் உரிமைகள்

வாயால் கேட்டால் ஒளிச்சேர்க்கையை ஐந்து நிமிடம் தடங்கலின்றிச் சொல்லும் பிள்ளை. நோட்டைத் திறந்தால் இரண்டே வரி. அதில் 'பள்ளி' ஓரிடத்தில் 'பளளி', அடுத்த வரியில் 'பல்லி'. எழுத்துகள் கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போயிருக்கும். பென்சிலை அழுத்திய அழுத்தில் தாளின் பின்பக்கம் புடைத்திருக்கும். கீழே சிவப்பு மையில், 'கவனம் இல்லை, பத்து முறை எழுதவும்.'

பத்து முறை எழுத வைத்தால் கை வலிக்கும். பிழை அப்படியே இருக்கும். புத்திசாலிப் பிள்ளை எழுத்தில் மட்டும் தொடர்ந்து திணறினால் அது சோம்பேறித்தனமாக இல்லாமல் டிஸ்லெக்சியாவாகவோ டிஸ்கிராஃபியாவாகவோ இருக்கலாம். முன்னது வாசிப்பையும் எழுத்துக்கூட்டலையும் பாதிப்பது, பின்னது எழுதுவதைப் பாதிப்பது. பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பது பல பெற்றோருக்குப் பத்தாம் வகுப்பு வரும்வரை தெரிவதில்லை. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. கற்றல் குறைபாடு அதில் இல்லை. அதற்குப் பதிலாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அந்தப் பட்டியலை 21 ஆக்கியது. டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா ஆகியவற்றை உள்ளடக்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' அதில் ஒன்று. 2017 ஏப்ரல் 19 முதல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

அதன் 16-ஆம் பிரிவைப் பெற்றோர் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்ற முறையில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறது அது. இது அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் பொருந்தும். ஆகவே, 'எங்கள் பள்ளியில் அதற்கெல்லாம் வசதி இல்லை' என்று ஒரு பள்ளி கைவிரிக்க முடியாது. 17-ஆம் பிரிவில் தேர்வைப் பற்றியும் சொல்லப்பட்டிருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

சரி, எங்கே தொடங்குவது? வகுப்பாசிரியரிடம். மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறைப்படி, மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ பள்ளியே முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும். தலைமையாசிரியர் தலைமையில் அதற்கு ஒரு குழுவும் இருக்க வேண்டும். பள்ளி தானாகச் செய்யாவிட்டால் நீங்கள் எழுத்துமூலம் கேளுங்கள். அப்புறம் குழந்தை மருத்துவர் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதிப்பார். கண்ணாடி போட்டதும் எழுத்து சீராகிவிட்ட பிள்ளைகளும் உண்டு, ஆகவே இதைத் தாண்டிப் போக வேண்டாம். அடுத்து உளவியல் நிபுணர் நுண்ணறிவுச் சோதனை செய்து, பிறகு கற்றல் குறைபாட்டுக்கான சோதனையை நடத்துவார். அதற்குப் பெரும்பாலும் பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய சோதனைத் தொகுப்பையே பயன்படுத்துகிறார்கள்.

நுண்ணறிவுச் சோதனை என்றதும் பல பெற்றோர் பதறுகிறார்கள். பதற வேண்டியதில்லை. பிள்ளையின் அறிவில் குறை இல்லை, சிக்கல் வாசிப்பதிலும் எழுதுவதிலும்தான் என்று உறுதிசெய்யத்தான் அந்தச் சோதனை. கையில் வரும் சான்றிதழ், 'இவன் படிக்க மாட்டான்' என்ற பேச்சுக்கு ஒரு மறுப்பும்கூட.

தனியார் நிபுணரின் அறிக்கை வகுப்பறை உதவி கேட்கப் பயன்படும். பொதுத்தேர்வு, போட்டித்தேர்வு என்று வரும்போது அரசு மருத்துவமனைச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். அதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை வழங்கும் யுடிஐடி (UDID) இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்கே போவது, எப்போது போவது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மத்திய அரசின் நெறிமுறைப்படி சிறு வயதில் வாங்கிய சான்றிதழை 14 வயதிலும் 18 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். 14 வயது என்பது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு. அதைத் தவறவிட்டால் பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் மருத்துவமனைக்கும் பள்ளிக்குமாக அலைய வேண்டியிருக்கும். சான்றிதழ் எதுவரை செல்லும் என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

சலுகைகளுக்கு வருவோம். சிபிஎஸ்இ தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். இரண்டு மணி நேரத் தாளுக்கு 40 நிமிடம். சொல்வதை எழுதுபவரையும் கேட்கலாம், மருத்துவர் பரிந்துரைத்தால் விடையைக் கணினியில் தட்டச்சு செய்யவும் அனுமதி கேட்கலாம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்திலும் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு. அதற்குத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மொழிப்பாட விலக்கை மட்டும் நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். கூடுதல் நேரமும் எழுதுபவரும் இருந்தாலே சமாளிக்கக்கூடிய பிள்ளையிடமிருந்து ஒரு மொழியையே எடுத்துவிட வேண்டாம். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் கதை கேட்கப் பிடிக்கும்.

சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்வு எழுதுவதும் ஒரு தனிப் பழக்கம். மனதில் ஓடும் விடையை வாக்கியம் வாக்கியமாக நிறுத்திச் சொல்ல வேண்டும். கணக்கில் 'அடைப்புக்குறி தொடக்கம், எக்ஸ் கூட்டல் மூன்று, அடைப்புக்குறி முடிவு' என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பயிற்சி இல்லாமல் தேர்வறையில் உட்காரும் பிள்ளை தடுமாறிப் போகும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே இந்த ஏற்பாட்டைப் பள்ளியிடம் கேளுங்கள்.

தேர்வறையில் உரிமை மறுக்கப்பட்டால்? 2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு மாணவிக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் தரப்படவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் போனார். அது தவறான மறுப்பு என்று அந்த ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, எழுதச் சிரமப்படுபவரின் குறைபாட்டு அளவு 40 சதவீத வரம்பை எட்டவில்லை என்பதற்காக எழுதுபவர் உதவியை மறுக்கக் கூடாது என்றது. பள்ளி மறுத்தால் கோர்ட்டு வரை போகத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். அப்போது, நீங்கள் பள்ளிக்குக் கொடுத்த கடிதங்களின் நகல்தான் கைகொடுக்கும். ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.