நின்றெழு வானூர்தி: சொல் விளக்கம்

பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்பு படிக்கிற என் அக்கா மகன் ஒரு கதை எழுதுகிறான். நாங்குநேரிப் பக்கம் வற்றிக் கிடக்கும் குளத்துக்குள் ஒரு போர் விமானத்தை ரகசியமாக உருவாக்குகிறார்கள். ஓடுபாதை கிடையாது. நின்ற இடத்திலேயே எழும்பும், சண்டை போடும், உளவு பார்க்கும், காயம்பட்டவர்களையும் தூக்கி வரும். "இதுக்குத் தமிழ்ல என்ன மாமா? வீடால்னே போட்டுரட்டுமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீடால் (VTOL) என்பது ஒரு சுருக்கம். செங்குத்தாகப் புறப்படுதலும் தரையிறங்குதலும் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் அது. அந்தத் தொடரில் முக்கியமான சொல் வெர்டிகல். லத்தீனில் வெர்டெரே என்றால் திரும்புதல். அதிலிருந்து வந்த வெர்டெக்ஸ் சுழியைக் குறித்தது. தலையின் உச்சியையும், எதனுடைய உச்சியையும் குறித்தது. சுழிக்கும் உச்சிக்கும் என்ன தொடர்பு? ஒரு குழந்தையின் தலையைத் தடவிப் பாருங்கள், உச்சியில்தான் முடி சுழித்திருக்கும். 'ரெட்டைச் சுழிப் பயல்' என்று நாமும் சொல்கிறோமே. தலைக்கு நேர் மேலே நிற்கும் சூரியனுக்கும் 'உச்சி வெயில்' என்று அதே உச்சியைத்தான் வைத்திருக்கிறோம். இரண்டு மொழிக்காரர்களும் தலையைத் தொட்டுக்கொண்டுதான் வானத்தை அளந்திருக்கிறார்கள்.

செங்குத்து நம்முடைய நல்ல சொல். இதிலுள்ள 'செம்' சிவப்பைக் குறிக்கவில்லை. நேர்மை, வளைவின்மை என்பது பொருள். செங்கோல் நேரான கோல், செங்கோணம் 90 பாகை. 'குத்து' நிமிர்ந்து நிற்பது. குத்துவிளக்கு நிற்கும் விளக்கு, குத்துக்கல் நட்டு நிறுத்திய கல். தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசை என்று ஊரே இருக்கிறது.

ஆகவே 'செங்குத்துப் புறப்பாடு' என்று பாடநூல் பாணியில் எழுதினால் பிழை இல்லை. 'செங்குத்து ஏற்ற இறக்க விமானம்' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்ற இறக்கம் என்றதும் தங்கம் விலைதான் நினைவுக்கு வருகிறது. அப்புறம், செங்குத்து என்பது திசையை மட்டும்தான் சொல்கிறது. மகேந்திரகிரியில் சோதிக்கும் எஞ்சின்களைப் பூட்டிய ராக்கெட்டும் செங்குத்தாகத்தான் கிளம்புகிறது. இந்த விமானத்தின் தனித்தன்மை, இறக்கை வைத்த ஒன்று ஓடாமலே எழுவது. அதைச் சொல்ல நான் முன்வைப்பது 'நின்றெழு வானூர்தி'.

இதற்கு எதிர்ச்சொல்லும் தானாகக் கிடைக்கிறது: ஓடியெழு. அது ஏன் தேவை என்றால், இந்த வகை விமானங்கள் பெரும்பாலும் நின்றெழுவதே இல்லை. நின்றபடி எழ, எஞ்சினின் உந்துவிசை மொத்த எடையையும் மிஞ்ச வேண்டும். எரிபொருளும் குண்டும் நிறைய ஏற்றினால் அது நடக்காது. கொஞ்சம் ஓடினால் இறக்கை எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். 1983 முதல் 2016 வரை நம் கடற்படையில் இருந்த சீ ஹாரியர், ஒரே எஞ்சினின் காற்றை நான்கு குழல்கள் வழியே கீழ்நோக்கித் திருப்பக்கூடியது. ஆனாலும் விராட் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் மேல்நோக்கி வளைந்த முகப்பில் ஓடித்தான் எழுந்தது. எடை குறைந்து திரும்பும்போது அந்தரத்தில் நின்று இறங்கியது. 2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் இறங்கி, கோளாறால் ஐந்து வாரத்துக்கு மேல் அங்கேயே கிடந்த பிரிட்டனின் எஃப்-35பி விமானமும் இதே ரகம்தான். விமானிக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறி, வாலில் கீழே மடங்கும் குழல். இவற்றை 'ஓடியெழு, நின்றிறங்கு' என்று பிரித்துச் சொன்னால் பத்தாம் வகுப்புப் பையனுக்கே புரிந்துவிடும்.

ஹாரியர் ஒரு பறவையின் பெயர். தமிழில் பூனைப்பருந்து. குளிர்காலத்தில் நம் நெல்லைச் சீமைப் புல்வெளிகளுக்கு வருகிறது, புல்லுக்குச் சற்று மேலே தாழப் பறந்து இரை தேடும். கதையில் விமானத்துக்கு இந்தப் பெயரை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கதையில் வரும் விமானம் சண்டை, உளவு, மீட்பு என்று பல வேலை செய்கிறதே, அதை ஆங்கிலத்தில் 'மல்டி ரோல்' என்பார்கள். அதற்குப் பல்பணி போதும், பல்பொருள் அங்காடி மாதிரி. பிரெஞ்சில் ரோல் என்பது நடிகரின் வசனம் எழுதிய தாள்சுருள். அதிலிருந்து வேடம், பிறகு பணி என்றானது. 'பன்முக' என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் இங்கே பல வேலைகளைத்தான் சொல்ல வேண்டும்.

வானூர்தி புதிதாகச் செய்த சொல் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி: புறநானூற்றின் 27ஆம் பாட்டிலேயே 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. ஓட்டுகிறவன் செலுத்தாமலே போகும் வான வண்டி.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'நின்றெழு' இங்கே வினைத்தொகையாக நிற்கிறது, அதனால் பின்னால் வல்லினம் மிகாது. 'நின்றெழுப் போர்வானூர்தி' தவறு. 'நின்றெழு போர்வானூர்தி' சரி. பல்பணியும் சேர்ந்தால், 'பல்பணி நின்றெழு போர்வானூர்தி'.