சீஸ்மிக் சர்வே: நடுக்கமா, அதிர்வா?

"கடலுக்கடியில பூமி குலுக்கம் வர வைக்கப் போறானுவளா மக்கா?" முட்டத்தில் வலைப் பொத்தலை அடைத்துக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார். கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன் மலிந்த கடல்திட்டான வாட்ஜ் பேங்க் பக்கம் எண்ணெய், எரிவாயு தேடும் பேச்சு எழுந்ததிலிருந்து 'சீஸ்மிக் சர்வே' கடற்கரையில் அடிபடுகிறது. அதை 'நிலநடுக்க ஆய்வு' என்று தமிழாக்கியதால் வந்த வினை இது.

கிரேக்கத்தில் 'செய்ஸ்மோஸ்' என்றால் குலுக்கம். நிலநடுக்கத்துக்கும் அதுவே பெயர். தமிழும் ஒருகாலத்தில் அப்படித்தான். 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்பது தொல்காப்பிய உரியியல். இன்று இரண்டும் பிரிந்துவிட்டன. நடுக்கம் என்றால் சுவர் விரியும். அதிர்வு சிங்காரி மேளத்துக்கும் உண்டு. இந்தப் பிரிவு நமக்கு வசதிதான்.

கப்பல் இழுத்துப்போகும் காற்றுத் துப்பாக்கி, அழுத்திய காற்றைச் சில நொடிகளுக்கொருமுறை நீருக்குள் வெடித்தாற்போல் விடும். ஒலி கடல்தரைக்குள் இறங்கும். பாறை அடுக்கு மாறும் இடந்தோறும் ஒரு பங்கு திரும்பி வரும். கப்பலுக்குப் பின்னே கிலோமீட்டர் கணக்கில் மிதக்கும் கேபிளில் உள்ள ஒலிவாங்கிகள் அதைப் பிடிக்கும். விசைப்படகில் ஒலி அனுப்பி ஆழம் காட்டும் எக்கோ சவுண்டருக்கு அண்ணன் என்று வையுங்கள். படகில் உள்ளது கடலடிப் பாறைத் திட்டான பாரின் மேட்டைத் திரையில் காட்டுவதோடு சரி. காற்றுத் துப்பாக்கியின் தாழ்ந்த சுருதி ஒலியோ பல கிலோமீட்டர் ஆழம் போகும். (சவுண்டரில் இருக்கும் 'சவுண்ட்' ஒலியே அல்ல. ஆழம் பார்த்தல் என்று பொருள். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிய காலத்துச் சொல்.)

கரியமில வாயுவைக் கடலடியில் புதைக்க இடம் தேடுவோர்க்கும் இந்த சர்வேதான் கண். 800 மீட்டருக்குக் கீழே வாயு அழுந்தி அடர்ந்துவிடும். அந்த ஆழத்தில் நுண்துளை நிறைந்த மணற்பாறையும் அதன்மேல் கசியவிடாத களிப்பாறையும் வேண்டும். மேலே இருப்பதை 'மூடுபாறை' எனலாம். நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் வட கடலடியில் செலுத்துகிறார்கள். சில ஆண்டுகளுக்கொருமுறை எடுக்கும் அதிர்வுப் படங்களில் வாயு பரவியிருப்பது தெரிகிறது. படம் மட்டும் போதாது, கிணறு தோண்டிப் பாறையை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

சர்வேக்குத் தாலுகா ஆபீசிலேயே சொல் இருக்கிறது: நில அளவை. ஆகவே 'அதிர்வலை அளவை' என்பேன்.

பெரியவரிடம் சொன்னேன். "பேரு கெடக்கட்டும், மீனு ஓடுமா?" என்றார். ஓடும். 1990களில் பேரண்ட்ஸ் கடலில் காற்றுத் துப்பாக்கி வெடித்த நாட்களில் காட், ஹேடாக் மீன்பாடு குறைந்ததை நார்வேக்காரர்களே அளந்து எழுதியிருக்கிறார்கள்.