முயலுக்குப் பல்லைப் பார்த்து வயசு சொல்ல முடியாது

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தத்தெடுத்த முயலையும் பார்க்க வேண்டாம், பார்த்தாலும் வயசு தெரியாது. இந்த ஒரு மாதத்தில் முயலோடு என்னிடம் வைத்தியத்துக்கு வந்த நாலு பேரிடம் இதையே சொல்லியிருக்கிறேன். நாலாவதாக வந்த முயல் பிழைக்கவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளக்கோவில் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. கோவையில் வீடு மாற்றிப் போன யாரோ ஒருவர் முயலைக் கூண்டோடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், "ஆறு மாசக் குட்டி" என்று சொல்லி. வீட்டுப் பெரியவர் கண்ணபுரம் சந்தையில் நாற்பது வருஷமாக மாடு பிடிக்கிறவர், வாயைத் திறந்து பார்த்து "பல்லு வெள்ளையா இருக்குது, தேயவே இல்லை, குட்டிதான்" என்று உறுதி சொல்லிவிட்டார். ஐந்து மாதம் கழித்து என்னிடம் கொண்டுவந்தபோது சிறுநீர் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பேத்தி பீட்ரூட் கொடுத்ததால் இருக்கும் என்று மூன்று வாரம் காத்திருக்கிறார்கள். ஸ்கேனில் கருப்பையில் கட்டி, எக்ஸ்ரேயில் நுரையீரல் வரை பரவல், முதுகெலும்பில் முதுமைக்கான முள்வளர்ச்சி, கண்ணில் புரை. என் கணக்குக்கு ஐந்து வயசுக்குக் குறையாது. "ஏனுங்க டாக்டர், பல்லு அத்தனை நல்லா இருந்துச்சுங்களே?" என்று அந்தப் பெரியவர் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

ஐயா, ஆட்டுக்கும் மாட்டுக்கும் நீங்கள் பார்ப்பது சரியான பார்வை. கீழ்த்தாடையில் முன்பக்கம் எட்டுப் பால்பல் இருக்கும், அவை ஜோடி ஜோடியாக விழுந்து பெரிய பல் முளைக்கும். ஆட்டில் முதல் ஜோடி ஒன்றரை வயசுக்குள், மாட்டில் ஏறக்குறைய இரண்டு வயசில். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று எண்ணிக்கொண்டே போய் எட்டும் சேர்ந்தபின் தேய்மானத்தைப் பார்க்கிறோம். இந்தக் கணக்கெல்லாம் நிற்பது ஒரே ஒரு விஷயத்தின் மேல்: முளைத்த பல் அப்புறம் வளராது, தேயத்தான் செய்யும். முயலில் அது அப்படியே தலைகீழ். அதன் 28 பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர், வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், புல்லைக் கடித்து அரைப்பதில் அதே அளவு தேய்ந்துவிடும். எட்டு வயசு முயலின் வாயில் இன்று நீங்கள் பார்க்கும் முன்பல் சில மாதங்களுக்கு முன் முளைத்ததுதான். பால்பல்லை எண்ணலாமா என்றால் அதுவும் முடியாது, பிறந்து ஐந்தாறு வாரத்துக்குள் அந்தக் கதையே முடிந்துவிடும். மேல் முன்பல்லுக்குப் பின்னால் குச்சி மாதிரி இன்னொரு ஜோடி தெரிவதைப் புதுப்பல் முளைக்கிறது என்று காட்டுகிறார்கள். அது எல்லா முயலுக்கும் எல்லா வயசிலும் இருப்பது.

பல் நீண்டு வெளியே வந்தால் கிழடு என்பதும் தப்பு. தாடை பொருந்தாமல் பிறந்திருக்கலாம், அல்லது புல் இல்லாமல் கடைத் தீவனமும் கேரட்டுமே தின்று பல் தேயாமல் போயிருக்கலாம். அதை நகவெட்டியால் வெட்டிவிட்டு வருகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பல் நீளவாக்கில் வேர்வரை பிளந்து சீழ் கட்டும். செய்யாதீர்கள்.

சரி, பிறகு எப்படித்தான் கணிப்பது? முதல் மாதம் சுலபம். ரோமமில்லாமல், கண் மூடிப் பிறக்கும், பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும், மூன்று வாரத்தில் கூட்டைவிட்டு வெளியே வரும். (காட்டு முயல் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். மக்காச்சோளம் அறுக்கும்போது கிடைத்தது, ஒரு மாசம் இருக்கும் என்று கொண்டுவருவது பல சமயம் ரெண்டு நாள் குட்டி. எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், தாய் இருட்டியபின் வந்து பால் கொடுக்கும். வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.) அதன் பிறகு எடையைப் பார்க்கலாம், ஆனால் இனம் தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் பண்ணைகளில் இருக்கும் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் எல்லாம் நாலு கிலோவைத் தாண்டும், குள்ள இனமோ ஒரு கிலோ சொச்சத்தோடு நின்றுவிடும். சின்னதாக இருப்பதால் குட்டி என்று எப்படிச் சொல்வது? எட்டு மாதம் வரை எக்ஸ்ரே கைகொடுக்கும், கால் எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா என்று பார்த்துவிடலாம். அது மூடியபின் ஐந்து வயசுவரை "வளர்ந்த முயல்" என்பதற்கு மேல் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நானும் அட்டையில் அப்படித்தான் எழுதுவேன். ஐந்துக்கு மேல் கண்புரை, முதுகுச் சதை வற்றுவது, தாவத் தயங்குவது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து தெரியும். நீண்ட நகமும் உள்ளங்காலில் புண்ணும் கம்பிவலைக் கூண்டில் ஒரு வயசு முயலுக்கே வரும், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

வயசு தெரியாவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். அந்த முயலைக் குட்டி என்று நம்பி ஐந்து மாதமும் குதிரைமசால் என்ற பயறுவகைத் தீவனத்தையே போட்டிருக்கிறார்கள். வளரும் குட்டிக்கு அது நல்லது, வளர்ந்ததற்குச் சுண்ணாம்புச் சத்து மிஞ்சிச் சிறுநீர்ப்பையில் வண்டல் கட்டும். வயசு தெரியாத முயலை வளர்ந்தது என்றே வைத்துக்கொண்டு புல் போடுங்கள். நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் வளரும் கொழுக்கட்டைப் புல்லை உலர்த்தி வைத்தாலே போதும், கடைக்கு ஓட வேண்டாம். பெண் முயலாக இருந்தால் எடுத்து வந்த வாரமே கருப்பையைப் பரிசோதித்து, கருத்தடை பற்றிப் பேசுங்கள். கருத்தடை செய்யாமல் நாலு வயசைத் தாண்டிய பெண் முயல்களில் கருப்பைப் புற்றுநோய் அவ்வளவு சாதாரணம். சிறுநீர் சிவப்பது தீவனத்தின் நிறத்தாலும் நடக்கும், ரத்தத்தாலும் நடக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, இங்கே ஒரு பரிசோதனைத் தாளில் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். மூன்று வாரம் காத்திருக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கொடுப்பவரிடம் வயசைக் கேட்காதீர்கள், போனில் இருக்கும் முதல் போட்டோவைக் கேளுங்கள். அதில் தேதி இருக்கும். அந்த முயலின் போட்டோவைக் கடைசியில் பேத்திதான் கேட்டு வாங்கினாள், நாலரை வருஷத்துக்கு முன் எடுத்தது, அப்போதே முழு வளர்ச்சி.

என்னிடம் கொண்டுவரும்போது பட்டினி போட்டுக் கொண்டுவராதீர்கள். முயல் வாந்தி எடுக்காது, அறுவை சிகிச்சைக்குக்கூட வெறும் வயிறு வேண்டியதில்லை. பெட்டிக்குள் ஒரு கைப்பிடிப் புல்லும், முந்தின நாள் போட்ட புழுக்கையைத் தனியாக ஒரு டப்பாவிலும் எடுத்து வாருங்கள்.