விளம்பரமும் செய்தியும் ஒரே கையால் எழுதப்படும்போது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஊடகக் கல்வி பயிலும் நம் பிள்ளைகள் பலருக்கு, படிப்பு முடியுமுன்பே எழுத்து வேலை வந்து சேர்ந்துவிடுகிறது. நம்மவர் நிறைந்த புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்சிலோ ஒரு பெண் இதழியல் படிக்கிறாள் என்று தெரிந்தால் போதும். கோயில் திருவிழாவுக்கான பத்திரிகைக் குறிப்பு, சமூக வானொலியில் வாசிக்க வேண்டிய அறிவிப்பு, மாமாவின் கடைக்கான தீபாவளி விளம்பரம் ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் அவளிடம் வரும். மூன்றையும் ஒரே நடையில், பெரும்பாலும் ஒரே இரவில் எழுதி முடிப்பாள். அச்சுக்கும் வானொலிக்கும் பிரதி திருத்துவதும், மாணவர்களின் பயிற்சி எழுத்துகளைப் பார்த்துக் கொடுப்பதும் என் தொழில். அவர்களுடைய இலக்கணப் பிழைகளைவிட இந்தக் கலப்புதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. செய்தியில் விளம்பரத்தின் மொழி ஏறிவிடுகிறது. விளம்பரமோ செய்தி வேடம் போட்டுக்கொண்டு வருகிறது.

இந்தச் சிக்கல் இந்நாட்டுத் தமிழருக்குப் புதியதன்று. 1903 ஜூனில் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஏடு ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வெளிவந்தது. எழுதவும் அச்சுக் கோக்கவும் தகுந்த ஆட்கள் கிடைக்காததால் 1906இல் தமிழ், இந்திப் பகுதிகள் நிறுத்தப்பட்டன. பின்னர், அந்த ஏட்டை நடத்திவந்த காந்தி அதற்கு விளம்பரம் வாங்குவதையே கைவிட்டார். தகாத விளம்பரம் என்று தெரிந்தும், கொடுப்பவர் சமூகத்தில் பெரிய மனிதர், மறுத்தால் மனம் கோணுவார் என்பதற்காக ஏற்க வேண்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். விளம்பரம் இல்லாமல் இன்று எந்த ஊடகமும் நடக்காது. காந்தியின் தீர்வு நமக்கு உதவாது. ஆனால் அவர் சொன்ன அந்தப் பெரிய மனிதர் இன்றும் இருக்கிறார். திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பவரும், வானொலி நிகழ்ச்சிக்குப் பணம் கொடுப்பவரும், செய்தியில் தம் பெயர் முதல் வரியில் வர வேண்டும் என்று கேட்பவரும் பல நேரங்களில் ஒருவரே.

ஈஸ்டரையொட்டி, டர்பனுக்குத் தெற்கேயுள்ள இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் நடக்கும் விழாவை எடுத்துக்கொள்வோம். இதைப் பற்றி எழுதச் சொன்னால், "பக்தர்களின் மனம் குளிர, இதுவரை கண்டிராத சிறப்புடன்" என்று தொடங்கும் பிரதிகளே என் மேசைக்கு அதிகம் வருகின்றன. இது செய்தியன்று, அழைப்பிதழ். செய்தி ஆசிரியர் தேடுவது, எந்தச் சாலை எத்தனை மணி முதல் மூடப்படும், மாற்றுப் பாதை எது, முதலுதவிக்கு யாரை அணுகுவது, இதையெல்லாம் சொன்னவர் யார் என்பவற்றைத்தான். சிறப்பாக நடந்ததா இல்லையா என்பதைப் போய்ப் பார்த்தவரின் வாயிலிருந்து பெயருடன் வாங்கிப் போடலாம். எழுதுபவர் தம் சொல்லாகப் போடக் கூடாது.

வானொலி எழுத்தில் தடுமாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்நாட்டு இந்தியர்களுக்காக 1983இல் தொடங்கிய லோட்டஸ் எஃப்எம் வானொலியில் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு இடம் உண்டு என்றாலும், ஒலிபரப்பில் பெரும்பகுதி ஆங்கிலம். கல்லூரிப் பாடமும் ஆங்கிலம். ஆகவே நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதி, அதை வரிக்கு வரி தமிழாக்கித் தருகிறார்கள். நொடிக்கு மூன்று சொல் என்று அவர்கள் படித்த வாசிப்புக் கணக்கு, ஒரு சொல்லே ஒரு மூச்சளவு நீளும் தமிழுக்குப் பொருந்தாது. கடிகாரத்தை முன்னால் வைத்து உரக்க வாசித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் வாக்கிய அமைப்பில் உள்ளது. பயிற்சிக்காக நான் கொடுக்கும் கற்பனைச் செய்தி ஒன்று. மழை வெள்ளத்தின்போது ஒரு பாலத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வதந்தி பரவுகிறது. டர்பனை ஆளும் ஈத்தெக்வினி மாநகராட்சி அதை மறுக்கிறது. மாணவர் இப்படி எழுதுகிறார்: "பாலம் எந்நேரமும் உடையக்கூடும் என்பதால் கரையோர மக்கள் உடனடியாக வெளியேற வேண்டும் என்று பரவிவரும் தகவலில் உண்மை இல்லை என மாநகராட்சி தெரிவித்துள்ளது." இலக்கணப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது, நாளிதழில் படித்தால் விளங்கும். வானொலியிலோ, கேட்பவர் முதல் பாதியில் 'உடையக்கூடும்', 'வெளியேற வேண்டும்' என்பவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவார். மறுப்பு வந்து சேரும்போது அங்கே கேட்பதற்கு ஆள் இருக்காது. திருத்தியபின் அது இப்படி இருக்கும்: "பாலம் பாதுகாப்பாக உள்ளது என்று ஈத்தெக்வினி மாநகராட்சி அறிவித்துள்ளது. அது உடையப்போவதாகப் பரவும் வாட்ஸ்அப் தகவலை மாநகராட்சி மறுத்துள்ளது." உண்மை முதலில், அதைச் சொன்னவர் அதே மூச்சில், வதந்தி கடைசியில். வினைமுற்று இறுதியில் வரும் மொழியில் எழுதுபவர் இந்த ஒன்றைப் பழகிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

2022 ஏப்ரலில் நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் வெள்ளம் வந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, உயிரிழந்தோரின் எண்ணிக்கை நாளுக்கு நாள் உயர்ந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் எண்ணோடு நேரத்தையும், சொன்ன அலுவலகத்தையும் சேர்த்து எழுதாவிட்டால், காலையில் எழுதிய பிரதியை மாலையில் வாசிப்பவர் அறியாமலே பொய் சொன்னவராகிவிடுவார்.

விளம்பர எழுத்தைக் கீழானதாக நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. முப்பது நொடியில் ஒரே ஒரு கருத்தைச் சொல்லி, கடையின் பெயரையும் இடத்தையும் மனத்தில் நிறுத்துவது கடினமான கலை. ஆனால் அதற்கும் நெறி உண்டு. தென்னாப்பிரிக்க விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் விதித்தொகுப்பின்படி, விளம்பரம் விளம்பரம் என்றே தெரிய வேண்டும். சோதித்துப் பார்க்கக்கூடிய எந்தக் கூற்றுக்கும், வெளியிடுவதற்கு முன்பே ஆதார ஆவணம் கையில் இருக்க வேண்டும். சர்க்கரை நோய் நம் குடும்பங்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "சர்க்கரையை அடியோடு போக்கும் மூலிகைச் சூரணம்" என்று ஒரு மாணவர் துடிப்பாக எழுதிக் கொண்டுவந்தால், வாசகம் நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போடுவதற்கு முன் ஆவணம் எங்கே என்று கேட்பதுதான் ஆசிரியரின் வேலை. கேட்காமல் விட்டால், அந்த வாசகத்தை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் பாட்டி ஒருவர் எங்காவது இருப்பார். அச்சு, இணைய ஊடகங்களுக்கான பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையும், செய்தியை விளம்பரத்திலிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறது. பணம் வாங்கிக்கொண்டு எழுதிய புகழுரையைச் செய்தி எழுத்துருவில் போடுவது இதற்கு நேர் எதிரானது.

சட்டப் பாடத்தைத் தேர்வோடு மறந்துவிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரோ சாட்சியோ 18 வயதுக்குக் குறைந்தவரானால், அவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு தடுக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. பெயரை விட்டுவிட்டுப் பள்ளியையும் தெருவையும் அப்பாவின் கடையையும் எழுதினால், நம்மைப் போன்ற நெருங்கிய சமூகத்தில் பெயரை எழுதியதற்குச் சமம்.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமோ, மக்காண்டாவிலுள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகமோ, தனியார் கல்லூரியோ, எங்கே சேர்வதானாலும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் பெற்றோர் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், எழுதிக் கொடுத்த பயிற்சிகள் திருத்தப்பட்டுத் திரும்பி வருகின்றனவா என்று கேட்க வேண்டும். புதிய கேமராக்களும் ஒலிப்பதிவுக் கூடமும் கண்ணுக்குத் தெரியும். பிரதியில் விழும் திருத்தம் தெரியாது. மாணவர்களும் அந்தத் திருத்தப் பிரதிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கட்டும். வேலைக்கு வருபவரின் கோப்பில், அச்சில் வந்த அழகான பக்கத்தைவிட, அது எப்படி இருந்து எப்படி ஆனது என்பதைத்தான் நான் முதலில் புரட்டிப் பார்க்கிறேன்.