ஒரு நோயாளி, மூன்று சீட்டுகள்: குமரி மாவட்டத்தில் நாள்பட்ட நோய்ப் பராமரிப்பு

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் இருக்க, முதியவர்கள் மட்டும் தனித்து வாழும் வீடுகள் நிறைந்த குமரி மாவட்டத்தில் இதன் அருமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மாத்திரை கைக்கு வருவதும் நோய் கட்டுக்குள் வருவதும் ஒன்றல்ல. இத்திட்டத்துக்கு முன்பு, 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. நோய் இருப்பதே தெரியாமை, பாதியில் மருந்தை விடுதல் போன்ற காரணங்களை எல்லோரும் பேசுகிறோம். அதிகம் பேசப்படாத காரணம், ஒரே நோயாளியை மூன்று இடங்களில் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போவதாகும்.

நான் அடிக்கடி காணும் ஒரு நிலையைச் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையைப் பெற்றுவரும் ஒருவர், தலைசுற்றலுக்காகத் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே டெல்மிசார்டன் என்ற இன்னொரு இரத்த அழுத்த மருந்தும் அம்லோடிபினும் சேர்ந்த ஒரு மாத்திரையை நிறுவனப் பெயரில் (பிராண்ட் பெயரில்) எழுதித் தருகிறார்கள். பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் விழுங்குகிறார். அம்லோடிபின் அளவு கூடினால் கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்துக்கு மூன்றாவது இடத்தில் நீர் பிரியும் மாத்திரை சேர்கிறது. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய டைக்ளோஃபினாக்கும் உடன் சேரும்போது சிறுநீரகம் திணறத் தொடங்குகிறது. இதில் தனித்தனியே யாரும் பெரிய தவறு செய்துவிடவில்லை. நான்கையும் ஒன்றாகப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போய்க் காட்டுவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். களியக்காவிளைப் பக்கத்தவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியைவிட அதுவே அருகில்.

ஆகவே அடுத்த சீர்திருத்தம், ஒவ்வொரு நாள்பட்ட நோயாளிக்கும் முழுப் பொறுப்பேற்கும் ஓரிடத்தை உறுதிசெய்வதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த இடம் ஆரம்ப சுகாதார நிலையமே. மருத்துவர்கள் இடமாற்றத்தில் போய்விடுவார்கள் என்பதால், அங்குள்ள தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியரிடம் இந்தப் பொறுப்பை அதிகாரத்தோடு ஒப்படைக்கலாம். மாத்திரை தருவதோடு நில்லாமல், சர்க்கரை நோயாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், விழித்திரை, பாதம் ஆகிய பரிசோதனைகள் நடந்தனவா என்று பார்த்து, விட்டுப்போனவரை அழைப்பது அவருடைய வேலையாகும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டு நம்மிடம் இருக்கிறது. அங்கிருந்து திரும்பி வரும் சீட்டுத்தான் இல்லை. எந்த மருந்தை நிறுத்தினோம், எதைச் சேர்த்தோம், ஏன் என்று மூன்று வரி எழுதி அனுப்பினாலே போதும்.

இன்னொன்று, இங்குள்ள தொழில்களைக் கணக்கில் கொள்ளாத ஏற்பாடு நிலைக்காது. தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். ஒரு மாதத்துக்கான மாத்திரை கடலிலேயே தீர்ந்துவிடக்கூடும் என்பதால், அழுத்தம் சீராக உள்ளவர்களுக்கு மூன்று மாதத்துக்கும் சேர்த்தே கொடுத்துவிடலாம். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவரைக் காலையில் வீட்டில் தேடினால் கிடைக்க மாட்டார்.

இவையெல்லாம் நடைமுறைக்கு வரும்வரை நோயாளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்த மருத்துவரிடம் போனாலும், சித்த மருந்து, வலி மாத்திரை உட்பட வீட்டில் உள்ள எல்லா மருந்து அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அட்டையில் நிறுவனப் பெயருக்கு அருகே மருந்தின் பொதுப் பெயரும் இருக்கும். ஒரே பெயர் இரண்டு அட்டைகளில் இருந்தால், நீங்களாக எதையும் நிறுத்தாமல், அன்றைக்கே சுகாதார நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.